சங்கிலி யார் கையில்

“மறந்துட்டீங்களா? பரவாயில்ல, இந்தாங்க.”

சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புப் பையை உருவி நீட்டுகிறார். நாயோடு வந்தவர் போனில் மும்முரமாக இருப்பதுபோல் நழுவப் பார்க்கிறார். இவர் குறுக்கே போய் நிற்கிறார். திட்டுவதில்லை, மிரட்டுவதில்லை. நீட்டிய கையை மட்டும் மடக்குவதில்லை. கடைசியில் அந்த மனிதர் மூக்கைச் சுளித்துக்கொண்டு குனிந்து அள்ளி, முடிச்சுப் போட்டுத் தொட்டியில் எறிந்த பிறகுதான் வழி விடுகிறார்.

எங்கள் குடியிருப்புப் பூங்காவின் காவலர் இவர். ‘பைக்காரர்’ என்றால் குழந்தைக்கும் தெரியும். ‘சங்கிலியைப் பிடித்திருப்பவரே நாயின் கழிவை அள்ள வேண்டும்’ என்று வாசல் பலகையில் எழுதியிருப்பது இவருக்கு வேதவாக்கு. ஒருமுறை இவர் மனைவியின் அண்ணன், பக்கத்து வீட்டு நாயைப் பிடித்துக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டார். “நாய் என்னுது இல்லப்பா” என்று கெஞ்சிப் பார்த்தார். “சங்கிலி உங்க கையிலதானே இருக்கு, மச்சான்?” என்று பை நீண்டது. அன்று வீட்டில் இவருக்குச் சாப்பாடு கிடைத்ததா என்பது சந்தேகம்தான்.

மனித முகம் இவர் மண்டையில் தங்காது. ‘சடையனோட அக்கா’, ‘நொண்டியோட அப்பா’ என்று நாயை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார். தினமும் அதே பெஞ்சில் உட்காரும் எனக்கு ‘நாய் இல்லாத சார்’ என்று பெயர். கேட்கவே எரிச்சலாக இருக்கும்.

தரைத்தளத்துத் தையல்காரம்மாவை மட்டும் இன்றும் ‘ஒத்தக்காதனோட அம்மா’ என்றே சொல்கிறார். ஒற்றைக்காதன் போன மழைக்காலத்தில் செத்துவிட்டது. புதைக்கக் குழி வெட்டியவரே இவர்தான். ஆனாலும் அந்த அம்மா சங்கிலியோடு தினமும் வருகிறார். நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். இவர் ஒரு அடி ஒதுங்கி வழி விடுவார். “ஏன் ஒதுங்குறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “அது கொஞ்சம் கடிக்கும், சார்” என்றார், சர்வ சாதாரணமாக. அதற்குப் பிறகுதான் கவனித்தேன், வெறும் சங்கிலி தரையில் இழுபடவே இல்லை.

விஷயம் வெளியூரிலிருக்கும் தையல்காரம்மாவின் மகள் காதுக்குப் போய்விட்டது. நேற்றுக் காலை வந்து இறங்கினாள். அம்மாவை மனநல விடுதியில் சேர்ப்பது, வீட்டைப் பூட்டுவது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பூங்காவுக்கே பின்னால் வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் அம்மாவின் கையிலிருந்து சங்கிலியைப் பிடுங்கினாள்.

“நாய் எங்கேம்மா? காட்டு பாப்போம்!”

“மெதுவா பிடிம்மா, அவனுக்குக் கழுத்து வலிக்கும்” என்றார் தையல்காரம்மா. பிறகு குரல் உடைந்து, “என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா அவன் தனியா என்னடி பண்ணுவான்?” என்று அழுதார்.

மகள் பைக்காரர் பக்கம் திரும்பினாள். “ஐயா, நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்க. இங்க நாய் இருக்கா, இல்லையா?”

இல்லை என்று அவர் சொன்னால் அந்த அம்மா அன்றைக்கே வண்டி ஏற வேண்டியதுதான். அவருக்கோ பொய் சொல்லிப் பழக்கமில்லை. எப்போதும் குரைத்துத் தள்ளும் சடையன் வேலியோரம் ஒடுங்கிப் படுத்திருந்தது. மற்ற நாய்களும் வாலை இடுக்கிக்கொண்டு அதன் பக்கத்தில்.

பைக்காரர் சங்கிலியின் மறுமுனையைப் பார்த்தார். மகளின் காலடிப் புல்லைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புப் பையை உருவினார்.

“மறந்துட்டீங்களா? பரவாயில்ல, இந்தாங்க.”

நீட்டியது மகளிடம். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சங்கிலி விறைத்து அவள் கையை முன்னால் இழுத்தது. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.