கீழுதட்டில் இரண்டு குழிகள்

ஜெரூஷாவுக்குப் பதினோராவது வாரம் முடிந்திருந்தது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சிறுசேரியில் மரபணுத் தரவுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. காலையில் தாம்பரத்தில் கேப் ஏறினால், மேடவாக்கம் தாண்டுவதற்குள் ஏழெட்டுத் தடவை மேலுதட்டைத் தடவிக்கொள்வாள். மூக்குக்குக் கீழே இடப்பக்கம் மெல்லிய தழும்பு. பிறக்கும்போதே உதடு பிளந்திருந்தது, நாலாம் மாதத்தில் தைத்தார்கள். பள்ளிக்கூடத்துக் கேலியெல்லாம் என்றோ ஆறிப்போயிருந்தது. இப்போதைய பயம் வேறு. வயிற்றில் இருப்பதற்கும் இது வருமா?

கணவன் எபியிடம் கேட்டால், "ஸ்கேன்ல பாத்துக்கலாம்னு டாக்டர் சொன்னாங்கல்ல? அதுக்குள்ள நீயா ஏன் போட்டுக் குழப்பிக்கிற?" என்பான். அந்த ஸ்கேனுக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோனது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆப்பிரிக்க வேலை அவள் மேசைக்கு வந்தது. அதுவரை அவள் பார்த்ததெல்லாம் புற்றுநோய்த் தரவுகள். இது நைஜீரியா, கானா, எத்தியோப்பியா நாட்டுக் குடும்பங்கள். உதடோ, வாயின் மேற்கூரையான அண்ணமோ பிளந்து குழந்தை பிறந்த வீடுகள். மற்ற கண்டங்களில் காரணமென்று கண்ட மரபணு மாற்றங்கள் பலவும் ஆப்பிரிக்கர்களிடம் அப்படியே பொருந்தவில்லை என்பதால், அங்கேயே போய்ப் புதிதாகத் தேடியிருந்தார்கள். வேறு யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே என்று அவளே எடுத்துக்கொண்டாள்.

பெயர்கள் கிடையாது, எண்கள்தான். மூன்றாம் நாள் நூற்றுப் பதினெட்டாம் எண் குடும்பம் வந்தது. கானாக்காரர்கள். மூன்று பிள்ளைகளில் இரண்டுக்குப் பிளவு. தாய்க்குப் பிளவு இல்லை. ஆனால் பரிசோதித்த மருத்துவர் தாயைப் பற்றிய கட்டத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: கீழுதட்டில் இரண்டு சிறு குழிகள். அதற்கும் பக்கத்துக் கட்டத்தில், குடும்பத்தார் சொல்லும் காரணம்: கர்ப்பமாக இருந்தபோது தாய் ஒரு ஊனமுற்றவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

ஜெரூஷா எழுந்து கழிவறைக்குப் போனாள். கண்ணாடியில் கீழுதட்டை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கும் இரண்டு குழிகள், குண்டூசித் தலையளவில். தையல் போட்ட தடம் என்றே இருபத்தொன்பது வருடமாக நினைத்திருந்தாள். தையல் போட்டது மேலுதட்டில். கீழுதட்டை யார் தொட்டார்கள்?

மேசைக்குத் திரும்பித் தேடித் தேடிப் படித்தாள். பிளவோடு பிறக்கும் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் ஒன்றாக இருப்பதில்லை. பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து வருவது. ஆனால் கீழுதட்டுக் குழியும் கூட இருந்தால், ஒரே ஒரு மரபணுவில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். அது தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. சிலருக்குக் குழியோடு நின்றுவிடும், சிலருக்குப் பிளவாகவே வரும். இன்னொன்றும் படித்தாள்: குழந்தையின் உதடு ஏழாவது வாரம் வாக்கிலேயே சேர்ந்து முடிந்துவிடுகிறது. அதைப் படித்ததும் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை அஸ்தினாபுரத்துக்குப் போனாள். அம்மா ரத்தினபாய் வாசலிலேயே, "ஏன்டி முகம் இப்படிக் கெடக்கு? சாப்பிடறியா இல்லையா?" என்றாள். ஜெரூஷா அவளை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்க் கீழுதட்டைப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான அப்பா சாலமோன் செய்தித்தாளோடு நாற்காலியில் இருந்தார். "அப்பா, கொஞ்சம் வாயக் காட்டுங்க" என்றாள். சிரித்துக்கொண்டே காட்டினார். இரண்டு குழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இதுவா? பொறந்ததுலேர்ந்தே இருக்கும்மா. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. ஏன்?"

அவள் சொன்னாள். காகிதத்தில் படம் போட்டு, வாரக் கணக்கும் எழுதிக் காட்டினாள். கணக்கு வாத்தியாருக்கு இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை. செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

தொண்ணூற்றைந்தில் தீபாவளியை ஒட்டி ஒரு சூரிய கிரகணம் வந்தது. அப்போது ரத்தினபாய்க்கு ஐந்தாம் மாதம். கிரகண நேரத்தில் கத்தி எடுத்து பீன்ஸ் நறுக்கினாள். பிள்ளை பிறந்து முகத்தைப் பார்த்ததும், அப்பாவின் அக்கா ஜெயசீலி ஆஸ்பத்திரியிலேயே எல்லார் முன்னாலும் அதைச் சொன்னாள். ஜெபக்கூட்டத்துக்குப் போகிற வீட்டில் கிரகணமாவது மண்ணாவது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டிலும் அந்த பீன்ஸ் எப்படியாவது பேச்சில் வந்துவிடும். அப்பா ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

ரத்தினபாய் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அஞ்சாம் மாசத்துல உதடு முடிஞ்சிருக்குமா?"

"எப்பவோ முடிஞ்சிருக்கும்மா."

"அப்ப நான் எதுவுமே பண்ணலையா?"

"ஒண்ணுமே பண்ணல."

அம்மா அழுவாள் என்று நினைத்தாள். அழவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாற்றி வைத்தாள். சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து கணவன் முன்னால் நின்றாள்.

"உங்க அக்காவுக்கு போன் போடுங்க."

"இப்பவா ரத்தினம்? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாத்து..."

"இப்பவே போடுங்க. ஸ்பீக்கர்ல."

சாலமோன் போட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. "அக்கா, ஜெரூஷாவுக்கு அது என்கிட்டேர்ந்து வந்திருக்கு. எனக்கு அப்பாகிட்டேர்ந்து வந்தது. ரத்தினத்து மேல தப்பு இல்ல. நான்தான் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்." அந்தப் பக்கம் ஜெயசீலி, "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். மன்னிப்பு அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஆனால் பீன்ஸ் பேச்சு நின்றது.

ஜெரூஷாவின் நிலைகொள்ளாமை மட்டும் நிற்கவில்லை. மரபணு ஆலோசனை சொல்லும் டாக்டரிடம் எபியும் அவளும் போனார்கள். ரத்தப் பரிசோதனை அவள் சந்தேகப்பட்டதையே சொன்னது. "பாதிக்குப் பாதின்னா நல்லாருக்கவும் பாதி இருக்குல்ல?" என்று எபி பஸ்ஸில் வரும்போது கேட்டான். அவன் விரல்கள் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தன.

பத்தொன்பதாம் வாரம் ஸ்கேன் அறையில் டாக்டர் பேச்சை நிறுத்தியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடப்பக்கம், உதட்டில் பிளவு. அண்ணம் பிறந்த பிறகுதான் உறுதியாகும். வெளியே வந்து எபி சுவரைப் பார்த்தபடி நின்றான். "என்னால வந்தது" என்றாள் ஜெரூஷா. "அம்மாகிட்ட போய் இதைச் சொல்லிப்பாரு, அடிப்பாங்க உன்னை" என்றான் அவன். அவன் அம்மா என்றது மாமியார் ரத்தினபாயை.

ஆவணியில் ஜோஸ்வின் பிறந்தான். அண்ணத்திலும் கொஞ்சம் பிளவு இருந்தது. பால் உறிஞ்ச முடியாமல் மூக்கு வழியே வந்தது. முதல் இரண்டு வாரமும் எடை ஏறுமா இறங்குமா என்பதே வீட்டில் பேச்சு. பிளவுள்ள பிள்ளைக்கான மெத்தென்ற பாட்டிலை ஆஸ்பத்திரி நர்ஸ் காட்டிக் கொடுத்தாள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாய் அமுக்கிப் புகட்ட வீட்டில் முதலில் பழகியவர் சாலமோன். கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்துவிடுவார். ஜெயசீலி ஒருநாள் பார்க்க வந்தாள். குழந்தையை மடியில் வாங்கி, அதன் உதட்டைப் பார்த்து, பின் தம்பியின் உதட்டைப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

நாலாம் மாதம் உதட்டுக்குத் தையல் போட்டார்கள். அண்ணத்துக்கு இன்னும் ஆறேழு மாதம் போகவேண்டும் என்றார்கள். வீக்கம் வடிந்ததும் எல்லாரும் எவ்வளவு அழகாகிவிட்டான் என்றார்கள். எபி போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான்.

ஜெரூஷா தையலுக்கு முந்தைய போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளந்த உதடு மூக்குவரை விரிய அவன் சிரித்த சிரிப்பு. அது இனி இல்லை. அதற்காக ஒரு மூச்சு அழுதாள். பிறகு குழந்தை சிணுங்கியது, பாட்டிலைக் கழுவப் போனாள்.