குளிருக்கு உதவிய காதுமூடி

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலைக்கு மஞ்சள் நிறக் காதுமூடிகள் வந்தன. மிஷின் சத்தத்தில் காது கெட்டுவிடாமல் இருக்க, உள்ளே நிற்பவர்கள் அதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று உதவி மேனேஜராக இருந்த சின்னதுரை எல்லோரையும் கூட்டிச் சொன்னார். கொழுந்தைச் சுருட்டும் மிஷினில் நின்ற என் கணவருக்கும் ஒன்று கிடைத்தது.

அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் மட்டுமா? லயத்து வரிசை வீட்டு ஆண்கள் எல்லோருமே அப்படித்தான். உள்ளே மெத்தென்று பஞ்சு. எங்கள் மலைக் குளிருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும் லோரியின் பின்னால் வரிசையாக மஞ்சள் காதுகள். கோயில் திருவிழாவுக்கும் மாட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் பெண்கள் கொழுந்து எடுக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

வேலைக்கு மட்டும் அது போகாது.

"மிஷின்கிட்ட மாட்டுங்களேன். அதுக்குத்தானே குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"நீ ஒண்ணு! சத்தம் மாறுனா பெல்ட்டு அறுந்துரப் போகுதுன்னு அர்த்தம். அது கேக்காட்டி கை போயிரும் லா. காதா, கையா, நீயே சொல்லு."

அவருக்கு முன்பு அந்த மிஷினில் நின்றவருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. மனுஷன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். பெல்ட்டைச் சுற்றி ஒரு கம்பிவலை அடித்துக் கொடுத்திருந்தால் கையும் தப்பியிருக்கும், காதும் தப்பியிருக்கும். அதை யாரும் யோசிக்கவில்லை.

சில வருடங்களில் எங்கள் வீட்டு ரேடியோ அலற ஆரம்பித்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி" என்று பிள்ளைகளிடம் கேலி பேசுவேன். அவரும் கூடச் சிரிப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் தகரக் கூரையைப் பிய்த்துவிடும்போல மழை. கதவைச் சாத்தியிருந்தோம். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் பேசுவதே எனக்குக் கேட்கவில்லை. அவர் காதுமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்போரம் வந்து உட்கார்ந்தார்.

"மழை விட்டுடுச்சா, புள்ள?" என்றார்.

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் விடலைங்க" என்று அவர் காதருகே போய்க் கத்தினேன்.

தலையாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் அடுப்பு அனலுக்கு நேராக நீட்டிக் குளிர் காய்ந்தார். பத்து விரலும் முழுசாக இருந்தன.