நான் பொய்யாக மொழிபெயர்த்த பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய் சொன்னேன். அதுவும் நாற்பது பேர் முன்னால்!

என் பள்ளித் தோழன் அன்வருக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. லீவில் பழவேற்காடு வந்தவன், ஒரு டேப் ரிக்கார்டரும் ஜமைக்கா தீவுப் பாடகர்களின் ரெகே கேசட் ஒன்றும் கொண்டுவந்திருந்தான். லைட்ஹவுஸ் குப்பத்தில் போட்டுக் காட்டப் போகிறேன், நீயும் வா என்றான்.

போயிருக்கக் கூடாது.

விசைப்படகுகள் கரையோரம் வந்து குப்பத்து வலைகளைக் கிழிப்பதைப் பற்றி இதே வாரப் பத்தியில் மூன்று வாரம் எழுதினேனே... நினைவிருக்கிறதா? குப்பத்தில் ஒருவர்கூட அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அன்வர் பட்டனை அழுத்தியதும் வலை தைத்தவர்கள் ஊசியைக் கீழே வைத்தார்கள். கருவாடு புரட்டிய பெண்கள் எழுந்து வந்தார்கள். நிதானமான தாளம், அடிவயிற்றில் வந்து இடிக்கிற கிதார்.

"இன்னொருக்கா போடு அன்வரு!"

பத்தாவது தாண்டாத அன்வர்! எனக்கு வயிறு எரிந்தது.

"தோஸ்த், நீதான் இங்கிலீஷ் படிச்சவன். இன்னா பாடறாங்கன்னு சொல்லேன்" என்றான் அவன், கள்ளமில்லாமல்.

எனக்குப் புரிந்திருந்தது. கடற்கரையில் ஹோட்டல் கட்டுவதற்காக விரட்டப்பட்ட மீனவர்களின் பாட்டு. எங்கள் கரையை எங்களைக் கேட்காமல் யார் விற்றது என்று கேட்கிற பாட்டு. மூன்று வாரம் நான் முக்கி எழுதியதை எவனோ நாலு நிமிஷத்தில் சொல்லிவிட்டான்!

"சும்மா காதல் பாட்டு. பொண்ணு ஏமாத்திட்டாளாம்" என்றேன்.

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அன்வர் முகம் வாடியது. எனக்குச் சந்தோஷம் — ஒரு நிமிஷம்தான்.

கருவாடு விற்கிற கன்னியம்மா மட்டும் நகரவில்லை. "எனக்கு அந்த பாஷை தெரியாது சார். ஆனா ஒரு பொண்ணுக்காக இத்தினி பேரு சேந்தா கோவப்படுவாங்க?"

"பொய் சொல்லிட்டேன்க்கா" என்றேன்.

"ஏன் தோஸ்த்?" என்றான் அன்வர். எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு, பாட்டை நிறுத்தி நிறுத்தி, ஒழுங்காக அர்த்தம் சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அங்கியும் இதே கதிதானா?" என்றாள் கன்னியம்மா. அப்புறம், "இதே மெட்டுல நம்ம வலைக்கு ஒண்ணு எழுதிக் குடு சார். செவ்வாக்கெழம தாலுகா ஆபீசுக்கு மனு குடுக்கப் போறோம்."

மணலிலேயே உட்கார்ந்து எட்டு வரி எழுதினேன். செவ்வாய்க்கிழமை பெண்கள் அதைப் பாடினார்கள். ஆபீசர் வாசலுக்கு வந்து கடைசி வரை நின்று கேட்டார். விசைப்படகுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவதாக ஒரு தேதியும் சொன்னார். நாளைக்கே வலை கிழிவது நின்றுவிடாதுதான். ஆனால் இதுவரை தேதி என்று ஒன்றைக்கூட யாரும் சொன்னதில்லை.

குப்பத்தில் இப்போது அந்த எட்டு வரிக்குப் பெயர் 'அன்வர் பாட்டு'. எழுதியது நான்! பொறாமை போய்விட்டதா என்கிறீர்களா? எங்கே போகும்... கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது.

அன்வர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்பது, முதல் தடவையாக, எனக்கு வசதியாக இருக்கிறது!