காலிபிளவருக்கு எப்போது குளிரும்?

குடுபல்லியில் ஒரு பொம்பளை புரட்டாசி மாசத்தில் நாற்றங்கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. புரட்டாசி காய்கறி தின்கிற மாசமாயிற்றே! பெருமாள் விரதம் என்று ஆடும் கோழியும் தப்பித்துக்கொள்ள, கத்தரிக்காய்க்கு ஒரு வாழ்வு வரும் பாருங்கள், அப்படி ஒரு வாழ்வு. அதனால் அந்தப் பக்கத்தில் யார் கொல்லையில் என்ன போட்டாலும் ஆடியிலேயே போட்டுவிடுவார்கள். புரட்டாசியில் பறித்துத் திருப்பதி போகிற லாரியில் ஏற்றிவிடலாம். அந்தப் பொம்பளை செங்கம்மாவும் முதல் வருஷம் அப்படித்தான் போட்டாள். ஆனால் அவள் போட்டது கத்தரி இல்லை, காலிபிளவர்.

அந்தக் கிறுக்கு அவளுக்குப் பிடிக்கக் காரணம் அவள் புருஷன் கோவர்த்தனன்தான். பெங்களூரில் திரும்பின பக்கமெல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த தொண்ணூறுகள் அவை. ஊர் ஆண்களில் பாதிப்பேர் ரயிலேறி அங்கே வேலைக்குப் போனார்கள். கோவர்த்தனன் சென்ட்ரிங் வேலைக்குத் திங்கட்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்புவான். ஒருமுறை தள்ளுவண்டியில் வாங்கிய கோபி மஞ்சூரியனைப் பொட்டலமாகக் கொண்டுவந்தான். செக்கச்செவேலென்று இருந்ததைக் கறி என்று நினைத்தே செங்கம்மா தின்றாள்.

"கறி இல்லமே, பூ," என்று சிரித்தான்.

"பூவா? எங்க பூக்குது இது? எப்போ பூக்குது?"

"எனுக்கு இன்னா தெரியும்? துன்னத்தான் தெரியும்."

அவ்வளவுதான், அந்த 'எப்போ' அவளைப் பிடித்துக்கொண்டது. குப்பம் டவுன் விதைக்கடைக்காரர் நாகபூஷணத்தைக் கேட்டாள். "சலி காலத்துப் பயிரும்மா," என்றார் அவர். சலி என்றால் தெலுங்கில் குளிர். எந்த மாசம் என்று விடாமல் கேட்டதற்கு, "ஊருக்கு ஒரு மாதிரி. நுவ்வே சூசுகோ," என்றார். நீயே பார்த்துக்கொள் என்று கைகழுவிவிட்டார்!

ஆடியில் போட்ட செடி தளதளவென்று வளர்ந்தது. புரட்டாசியில் பூவைத் தேடினால் சட்டைப் பித்தான் அளவில் ஏதோ ஒன்று, பழுப்பாக. இலையை மாட்டுக்குப் போட்டாள். குளிர்காலத்துப் பயிரைக் குளிரிலேயே போட்டால் என்ன என்று அடுத்த வருஷம் கார்த்திகையில் விதைத்தாள். மாசியில் பூ வந்தது, வாஸ்தவம். வந்த வேகத்தில் வெயிலில் விரிந்து மஞ்சளாகி, விளக்குமாறு போல நின்றது. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா, "கூட்டிப் பெருக்க ஆவும், வுடுடி," என்றாள்.

கோவர்த்தனனுக்கு அலுத்துவிட்டது. பெங்களூருக்கே போய்விடலாம் என்றான். வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகை தருகிறார்கள். இரண்டு பேருமாக இருந்து சம்பாதிக்கலாம். கொல்லையைப் பக்கத்து நிலத்துக் கங்கையா தன் மாந்தோப்போடு சேர்த்துக்கொள்ளக் கேட்கிறார். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க அவன் சமைக்கத் தெரியாமல் சமைத்துத் தின்று இளைத்துப்போயிருந்தான். அவளுக்கும் அவனில்லாத வீடு பிடிக்கவில்லை.

ஆனாலும் அவளால் விட முடியவில்லை. மாமனார் காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் அது. எதை எப்போது விதைப்பது என்று நிலத்துக்காரர் சொல்வார், இவர்கள் குனிவார்கள். பட்டா கிடைத்த இந்தத் துண்டில் அவள் தானாகக் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி இது. பதில் தெரியாமல் மூட்டை கட்டச் சொன்னால் எப்படி?

"இந்த ஒரு தபா வுடுய்யா. கார்த்திகை தீபத்துக்குள்ள பூ வைக்கலன்னா நானே மூட்டையக் கட்றேன்," என்றாள். அவனும் சரி என்றான்.

அப்புறம்தான் யோசித்தாள். குளிர் வேண்டியது விதைக்கா, பூவுக்கா? தேங்காயெண்ணெய் புட்டியில் உறைவது எப்போது, அவரைப் பந்தலில் பனி சொட்டுவது எப்போது என்று போன வருஷம் கவனித்து வைத்திருந்தாள். கார்த்திகையும் மார்கழியும்தான் நிஜமான குளிர். அப்படியானால் பூ அப்போது திரள வேண்டும், செடி அதற்கு முன்பே வளர்ந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் ஊர் காய் தின்கிற மாசத்தில் வந்து நின்றது. அட, இதற்கா இத்தனை நாள்!

புரட்டாசி பிறந்ததும் விதைத்தாள். வெயில் தாங்காது என்று தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கட்டினாள். மாசக் கடைசியில், ஐப்பசி மழையில் வேர் அழுகாதபடி மேட்டுப்பாத்தி கட்டி நாற்றைப் பறித்து நட்டாள். தீபாவளிக்கு வந்த கோவர்த்தனன் எட்டிப் பார்த்தான். எல்லாம் இலை.

"மாட்டுக்கு நல்லாத் தீனி போட்டுகினு கீற," என்றான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கார்த்திகை தீபத்தன்று காலையில் அவன் பையோடு வந்து இறங்கினான். பல் துலக்கக் கொல்லைப்பக்கம் போனவன் திரும்பவே இல்லை. காபி ஆறிப்போயிற்று. எட்டிப் பார்த்தால், வாயில் வேப்பங்குச்சியோடு குந்திக்கொண்டு ஒவ்வொரு செடியாக இலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வெள்ளைவெளேரென்று, எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக உட்கார்ந்திருந்தது பூ. ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும்.

"எப்பொமே நட்ட இத?" என்றான்.

அவள் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள், எண்ணெய்ப் புட்டியிலிருந்து தென்னங்கீற்றுவரை. அவள் முடித்ததும் அவன் எழுந்துபோய்ப் பையைத் திறந்து ஒரு புதுப் பூட்டை எடுத்துவந்தான்.

"வாங்கிக்கினே வந்துட்டியாய்யா?" அவளுக்குக் கோபம் பொங்கியது. "வீட்டப் பூட்டறதுக்குப் பூட்டோட வந்துட்டியா நீ?"

"வாங்கினது வீட்டுக்குத்தான்," என்றான் தலையைச் சொறிந்துகொண்டு. "இப்போ படலுக்குப் போடலாம். கங்கையா ஆடு வருதில்ல?"

கொல்லை வாசல் படலில் பூட்டை மாட்டிச் சாவிகளை அவளிடம் நீட்டினான். "நான் திங்கக்கெழம போயாவணும் செங்கம்மா. நீ இரு."

ஜெயித்தவள் சிரிக்க வேண்டும்தானே? அவள் சிரிக்கவில்லை. இரண்டு சாவியில் ஒன்றைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள். இன்னொன்றை அவன் சட்டைப்பையில் போட்டாள்.

"சனிக்கெழமக்கி சனிக்கெழம வந்து நீயே தொற," என்றாள்.