ஐம்பத்தொன்பதரை டம்ளர்

எனக்குப் பத்து வயதானபோது மதுரையில் ஒரு மருத்துவர் எனக்குக் கோதுமை ஆகாது என்றார். ஒரு வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ அல்ல, ஆயுளுக்கும். மைதா, ரவை, சேமியா, பிஸ்கட் எதுவும் கூடாது, கடுகளவு உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் என்றார். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாங்க பேக்கரி வச்சிருக்கோங்க டாக்டர்" என்றார், அதைக் கேட்டதும் மருத்துவர் நோயை மாற்றிச் சொல்லிவிடுவார் என்பதுபோல.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டின் முன்பாதி பேக்கரி, பின்பாதி குடியிருப்பு. எனக்கு வயிறு சரியில்லாத நாளெல்லாம் அப்பா தன் கையால் சுட்ட ரஸ்கைப் பாலில் நனைத்து ஊட்டியிருக்கிறார். அநேகமாக எல்லா நாளும் எனக்கு வயிறு சரியில்லை. கைகால் குச்சியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் இருந்ததற்கு அந்த ரஸ்க்தான் காரணம் என்று தெரிந்த பிறகு, ஒரு வாரம் அவர் ரஸ்க் போடவே இல்லை. கேட்டவர்களிடம் அடுப்பில் கோளாறு என்றார்.

நான்கு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும், அதுவரை பிள்ளை சாப்பிடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டேன்: நாள், மணி, சாப்பிட்டது, உடம்பு. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அங்கேதான் தொடங்கியது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் அதைப் பார்த்துச் சொல்வதுதான்.

அம்மா வீட்டைக் கோட்டையாக்கினாள். பழைய பாத்திரங்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கினாள். பேக்கரிக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவைப் பூட்டினாள். அப்பா வெளியே சுற்றிப் பின்வாசலுக்கு வந்து, சட்டையைக் கழற்றி, தலையோடு குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மேகம் தரையில் கிடக்கும் மார்கழிக் காலையிலும் அதே சட்டம்தான்.

"கேதத்துக்குப் போய்ட்டு வந்தவன்கூட ஒரு தடவதான் குளிக்கிறான். எனக்கு நாளைக்கு மூணு" என்று அப்பா பல் கிடுகிடுக்கச் சொல்வார்.

"காதுக்குப் பின்னால மாவு இருக்குங்க. இன்னொரு சொம்பு ஊத்துங்க" என்பாள் அம்மா.

கோதுமையை நிறுத்தியதும் நான் தேறிவிடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூன்றாம் நாள் தலைவலி வந்தது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல மண்டைக்குள் இடைவிடாமல் சத்தம். நான்காம் நாள் கெண்டைக்கால் இழுத்தது. ஐந்தாம் நாள் பசி. சாப்பிட்டுக் கை காய்வதற்குள் மறுபடியும் பசித்தது. அன்றைய கட்டத்தில் பதினோரு வரிகள் இருக்கின்றன, அவற்றில் அவித்த உருளைக்கிழங்கு மட்டும் ஏழு.

ஆறாம் நாள் நடந்ததை எங்கள் குடும்பம் இன்றும் நம்பவில்லை. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று எனக்குத் தெருவில் பெயர். அடித்தால்கூட அழாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன். அன்று அப்பாவின் தங்கை பண்ணைக்காட்டிலிருந்து மலைவாழைத் தார் ஒன்றுடன் வந்திருந்தாள். நான் ஒரு பழத்தைப் பிய்க்கப் போனேன். "இரு, சாமிக்கு வச்சிட்டுத் தாரேன்" என்று அத்தை என் கையைப் பிடித்தாள். அந்தக் கையை நான் கடித்துவிட்டேன். பல் பதிந்த இடத்தில் இரத்தம் வந்தது. அதைப் பார்த்து முதலில் அலறியது அத்தை இல்லை, நான்தான்.

"ஏண்ணே, இது நம்ம பிள்ளதானா? ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்றாள் அத்தை. பிறகு அம்மாவிடம் திரும்பி, "கோதுமையத் தின்னப்ப சீக்காளி. நிப்பாட்டுனா ரவுடியாயிருச்சு. வேண்டாம் மதினி, வெரசா ஒரு பன்ன பால்ல போட்டுக் குடுங்க. அடங்கிரும்" என்றாள்.

அம்மா மஞ்சளைக் குழைத்து அத்தையின் கையில் பூசினாள். என்னைப் பார்க்கும்போது மட்டும், வீட்டுக்குள் வேறு யாரோ வந்துவிட்டதுபோல அவள் பார்வை ஒரு கணம் தயங்கியது.

எட்டாம் நாள் வயிறு உப்பிக்கொண்டு வலித்தது. அதற்கு அம்மாவிடம் மருந்து இருந்தது. ஒன்பதாம் நாளிலிருந்து மூன்று வேளையும் மோரில் பெருங்காயப் பொடி கலந்து கொடுத்தாள். குடித்ததும் கொஞ்சம் இதமாக இருக்கும், மறுநாள் வலி கூடும். வலி கூடினால் அம்மா பொடியையும் ஒரு சிட்டிகை கூட்டிப் போடுவாள்.

ஞாயிறுதோறும் காய்கறி மண்டியில் கேரட் மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏற்றி நிறுத்தார்கள். மூன்று ஞாயிறும் பதினெட்டரை கிலோ. நாளுக்குப் பத்து வேளை தின்றும் முள் நகரவில்லை. மூன்றாம் ஞாயிறு மண்டியிலிருந்து வந்த அப்பா, பின்வாசலில் குளிக்காமலே நின்றார்.

"அடுத்த வாரம் டாக்டரப் பாக்குறோம். அவரு ஒரு வழி சொல்லலன்னா, நான் என் பிள்ளைக்கு ரஸ்க் குடுப்பேன். சாகுறதுன்னாலும் பசியாறிச் சாகட்டும். நீ தடுக்கக் கூடாது."

"ஒரு தூசி மாவு இந்த வாசப்படியத் தாண்டலைங்க" என்றாள் அம்மா. "பிள்ள மேல சத்தியம்."

சாவு என்ற சொல் எனக்காகச் சொல்லப்பட்டதை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் முதல் பஸ்ஸில் மதுரைக்கு இறங்கினோம். மருத்துவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அழகாக எழுதியிருப்பதாகச் சொன்னார். தலைவலி, கால் இழுப்பு, கோபமெல்லாம் கோதுமையை நிறுத்தியதும் சிலருக்கு வருவதுதான், போய்விடும் என்றார்.

"பசிக்கிறது நல்லதும்மா. இத்தன வருஷமா இவ சாதுவா இருக்கல, கோபப்படத் தெம்பில்லாம இருந்திருக்கா. ஆனா வயிறு இந்நேரம் வத்தியிருக்கணும். எங்கயோ மாவு போகுது."

"சாமி சத்தியமா இல்லைங்க" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து எனக்கு வயிறு முறுக்கியது. அம்மா பழக்கத்தில் ஒயர் கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். நான் பாதி குடித்திருந்தேன்.

"அது என்ன? நோட்டுல மோர்னு ஒண்ணுமே இல்லையே?" என்றார் மருத்துவர்.

நோட்டுக்குப் பொறுப்பு நான் என்பதால் நானே பதில் சொன்னேன். "அது சாப்பாடு இல்லங்க டாக்டர். மருந்து."

"பெருங்காய மோருங்க. வயித்துக்கு" என்றாள் அம்மா. கூடையிலிருந்து டப்பாவையும் எடுத்து நீட்டினாள். மருத்துவர் அதைத் திருப்பிப் பின்னால் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தார். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்த டம்ளரை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"இதுல பாதிக்கு மேல கோதுமை மாவும்மா. பெருங்காயத்த மாவு சேத்துத்தான் பொடி பண்ணுவாங்க. ரசம், சாம்பாருக்கும் இதத்தான போட்டிருப்பீங்க? நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அப்பா அம்மாவைப் பார்க்காமல் நாளுக்கு மூன்று தடவை நனைந்த தன் தலையைத் தடவிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில், "டாக்டருக்கே தோணல, உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். டப்பாவை மடியில் வைத்து, வளைவுகளில் மூடி திறந்துவிடுமோ என்று பயந்தவள்போல இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அடுத்த ஞாயிறு தராசு முள் நகர்ந்தது, பிறகு நகர்ந்துகொண்டே இருந்தது. ஆனால் எனக்கு மறக்காதது அன்றைய சாயங்காலம்தான்.

பஸ்ஸில் வரும்போது என் கவலையெல்லாம் நோட்டைப் பற்றி. மருத்துவர் பாராட்டிய நோட்டில் இவ்வளவு பெரிய குறை இருந்தது எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்து, சிவப்புப் பேனாவால் ஐந்தாவது கட்டம் போட்டேன். மேலே 'மருந்து' என்று எழுதினேன். ஒன்பதாம் நாள் தொடங்கி ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வரி: பெருங்காய மோர், ஒரு டம்ளர், அம்மா கொடுத்தது. இருபது நாள், நாளுக்கு மூன்று வேளை. பதினேழாம் நாள் மாலை நான் தூங்கிவிட்டதால் ஒன்றைக் கழித்தேன். ஆஸ்பத்திரியில் குடித்த பாதியைச் சேர்த்தேன்.

அம்மா பின்வாசலில் எல்லாப் பாத்திரங்களையும் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். நோட்டை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"மொத்தம் எத்தன?" என்றாள்.

"அம்பத்தொம்பதரை டம்ளர். ஒண்ணுகூட விடலம்மா. ரெண்டு தடவ கூட்டிப் பாத்தேன்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பக்கத்தைப் புரட்டி ஒன்பதாம் நாளுக்குப் போய், முதல் சிவப்பு வரியில் மறுபடியும் விரலை வைத்தாள்.

என் கூட்டலில் அவளுக்குச் சந்தேகம் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரலுக்கு அருகே என் விரலையும் வைத்து, ஒன்றிலிருந்து உரக்க எண்ணத் தொடங்கினேன்.