பீலி என்றால் மயிலிறகு இல்லை

எங்கள் பீலியின் பக்கத்தில் நட்டிருக்கும் அந்தப் பலகையில் இருப்பது பொய். எழுதியது நீங்கள். தோட்டத்தின் மரபைக் காப்பாற்றப் போகிறோம் என்று ஒரு குழு போட்டீர்களே, அதில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும்தான்.

எங்கள் தோட்டம் இலங்கையில், ருவான்வெல்லையிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. மேலே றப்பர் மலை, கீழே ஓடை, நடுவில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் இரண்டு வரிசை லயம். லயத்துக்கும் ஓடைக்கும் இடையில் ஒரு பாறை. பாறைக்குள்ளிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் ஓர் இரும்புக் குழாய் வழியாகக் கல்லின்மேல் விழும். அதுதான் பீலி. குழாய் வருவதற்கு முன்னால் கமுகு மரத்தைப் பிளந்து வைத்திருந்தார்களாம். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இப்படித் தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பீலி என்றுதான் பெயர். சிங்களவர்களிடமும் ஏறத்தாழ இதே சொல்தான் இருக்கிறது. ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

நீங்கள் கேட்கவில்லை. அகராதியைப் புரட்டினீர்கள். அதில் பீலி என்றால் மயிலிறகு என்று இருந்தது. உடனே 'மயிலிறகு அருவி' என்று மூன்று மொழியிலும் எழுதிவிட்டீர்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி அங்கே மயில் வளர்த்தாள் என்று ஒரு கதையையும் சேர்த்தீர்கள். பிறகு சுற்றிலும் கம்பி வேலி. குளிக்கத் தடை.

இதெல்லாம் நடந்தபோது நான் ஊரில் இல்லை. பிரான்சில் ஒரு சின்னக் கிராமத்தில், தனியாக இருந்த வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஆறு வருஷம் இருந்தேன். அவரை மதாம் என்று கூப்பிடுவேன். அந்த ஊர் ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே ஒரு சிற்றாறு. அதற்கப்பால் திராட்சைத் தோட்டம், அதற்கும் அப்பால் கோதுமை வயல். ரொட்டிக் கடையை மூடிவிட்டார்கள். வாரத்தில் சில நாள் ஒரு வேன் வந்து ஹார்ன் அடிக்கும். தேவாலயத்துக்கு முன்னால் போரில் செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வரும். மதாம் அந்த மூன்றையும் விரலால் தொட்டுவிட்டுத்தான் நடப்பார்.

மேட்டுக்கு அடியில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு தொட்டி உண்டு. ஊற்றுத் தண்ணீர் வந்து அதில் விழும். சுற்றிலும் சாய்வான கற்கள். அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் மண்டியிட்டுத் துணி துவைத்த இடம். இப்போது எல்லார் வீட்டிலும் மெஷின் இருக்கிறது, அங்கே ஒருவரும் துவைப்பதில்லை. ஆனாலும் கூரையில் ஓர் ஓடு உடைந்தால் ஓடிவந்து மாற்றுகிறார்கள். முதல் தடவை போனபோது அந்தக் கல்லில் கையை வைத்தேன். தண்ணீர் விழும் சத்தம் அப்படியே எங்கள் பீலியின் சத்தம். உட்கார்ந்து அழுதேன். மதாம் தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நான் ஊரில் இருந்த காலத்தில் றப்பர் மரத்தில் பால் வெட்டு முடிந்து பெண்கள் எல்லாரும் ஒன்றாகப் பீலிக்கு வருவோம். கையிலும் முடியிலும் ஒட்டுப்பால் காய்ந்து இழுக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவி ஒவ்வோர் இழையாக எடுத்துவிடுவார். என் அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. "மருமகளே, மரத்த வெட்டுனியா, மரம் ஒன்னய வெட்டுச்சா? தலையில மட்டும் ஒரு வாளி பால் இருக்கும் போலயே" என்பார். நெஞ்சுக்கு மேல் துணியைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு அந்தக் குழாய்க்கு அடியில் போய் நின்றால் முதல் தண்ணீரில் மூச்சு நின்றுவிடும். பிரான்சில் சுடுதண்ணீர் ஷவருக்குக் கீழே நின்றுகொண்டு ஆறு வருஷமும் அந்த ஒரு நொடிக்காக ஏங்கினேன். வேறு எதற்கும் அவ்வளவு ஏங்கவில்லை.

ஒருநாள் எங்கள் ஊரை வரைந்து காட்டச் சொன்னார் மதாம். ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் மலை, லயம், மாரியம்மன் கோயில், ஓடை, பாறை எல்லாம் போட்டேன். பாறையைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்றார். பீலி என்றேன். அவர்கள் எழுத்தில் அதைப் பக்கத்தில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டினார்.

அந்த ஊரிலும் ஒரு பலகை வைத்தார்கள். துவைக்கும் தொட்டியை ஒரு பணக்காரர் கட்டிக் கொடுத்தார் என்று அதில் எழுதியிருந்தது. மதாமுக்குக் கோபம் வந்துவிட்டது. கல் சுமந்தது அவருடைய அம்மாவும் மற்றப் பெண்களும். ஊர் மண்டபத்தில் கூட்டம் நடந்த நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு போய், எல்லார் முன்னாலும் எழுந்து கேட்டார். ஊர்த்தலைவர் எழுந்து நின்றார். ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியதாகவும் விசாரிக்காமல் விட்டது தன் தவறு என்றும் சொன்னார். குளிர்காலம் முடிவதற்குள் பலகையை மாற்றிவிட்டார்கள்.

பிறகு மதாம் முதியோர் இல்லத்துக்குப் போனார். அந்தக் கடித உறையையும் எடுத்துப் போனார். நான் ஊருக்குத் திரும்பினேன்.

வந்த மறுநாள் காலையில் சவர்க்காரமும் துணியுமாகப் பீலிக்குப் போனேன். வேலி. வாசலில் காவலுக்கு நின்றது என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"உள்ள விட முடியாது தங்கச்சி. பாக்க வர்றவங்கள மட்டுந்தான் விடணும். நீ குளிச்சா என் வேல போயிரும்."

லயத்துக்குப் பின்னால் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதில் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும் என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிங்களக் குடும்பம் வேனில் வந்து இறங்கியது. பலகையைப் படித்துவிட்டு அந்த அம்மா "மொனரு கோ?" என்று கேட்டார். மயில் எங்கே என்று. அண்ணன் சிங்களத்தில் என்னவோ சொன்னார், அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

"என்னண்ணே சொன்னீங்க?"

"மயிலெல்லாம் கதிர்காமம் போயிருக்கு, திருவிழா முடிஞ்சதும் வரும்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? ஒரு நாளைக்கு எத்தன பேர் கேக்குறாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று தண்ணீர் விழுவதைப் பார்த்தேன். என் கையிலிருந்து நாலு எட்டுத் தூரம். பிரான்சில் இருந்தபோதுகூட அது இவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை.

அந்தக் கல் தேய்ந்திருப்பது மயில் நின்றல்ல. எங்கள் பெண்கள் துவைத்துத் தேய்ந்தது. இது உங்களுக்குத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்தே எழுதினீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

கடிதம் போட வேண்டாம். ஆபிசுக்கு எங்களில் ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசவும் வேண்டாம். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்கு வாருங்கள். ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது அவர்கள் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள். மயில் கதையை உங்களுக்குச் சொன்னது யார்? எங்களுக்கு அந்த வாசலை எப்போது திறப்பீர்கள்?