பூட்டச் சொன்னவர்

வேங்கிக்கால் பெண்கள் விடுதியில் நேற்று தீப்பிடித்தபோது, மாடியிலிருந்து பின்பக்கமாக இறங்கும் படிக்கட்டின் கதவு பூட்டியே இருந்தது. தீயணைப்பு நிலைய அதிகாரி இன்று காலை என்னிடம் இதை உறுதிசெய்தார்.

முன்படிக்கட்டைப் புகை மூடியதால் ஒரு மாணவி மாடியிலிருந்து குதித்தாள். இரண்டு கால்களும் முறிந்துவிட்டன.

அவளுடைய அப்பா கீழ்பென்னாத்தூர்க்காரர். ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தார்.

"பூட்டினது யாருனு விசாரிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"பூட்டச் சொன்னதே நாங்கதாங்க" என்றார்.

"போன பௌர்ணமிக்கு கிரிவலம் வந்த ஆம்பளைங்க பாத்ரூம் தேடி பின்பக்கமா மாடிக்கே வந்துட்டாங்க. பொண்ணு போன்ல அழுதுச்சு. பெத்தவங்க எல்லாம் போய் சண்ட போட்டோம். 'அவசரம்னா பொண்ணுங்க எப்படிங்க இறங்கும்?'னு வார்டன் அம்மா கேட்டாங்க. நான்தான் ஜாஸ்தி கத்தினேன்."

டீக்கடைக்காரர் பிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட பிறகும் அவர் கிளம்பவில்லை.

"பொண்ணுக்கு இது தெரியாதுங்க. வார்டன் அம்மாவத்தான் திட்டிக்கினு இருக்கு."

அவள் பழையபடி நடப்பாளா என்பது திங்கட்கிழமை அறுவை சிகிச்சைக்குப் பிறகே தெரியும் என்கிறார் டாக்டர். மற்ற விடுதிகளில் சோதனை இந்தப் பௌர்ணமிக் கூட்டம் கலைந்த பிறகுதான் நடக்குமாம். அதுவரை அதிகாரிகள் அனைவருக்கும் கிரிவலப் பாதையில் வேலை.

விடுதியில் மகளை விட்டிருக்கும் நண்பர்களே, இந்தப் பௌர்ணமிக்கு நீங்கள் பூட்டச் சொல்வீர்களா, திறக்கச் சொல்வீர்களா?